வானநூற் பேச்சாளர் மிச்செல்

அமெரிக்க நாட்டில் ஒகையோ ஆற்றின் கரையிலே சின்சினாட்டி என்னும் நகரம் உளது. 1842-ஆம் ஆண்டில் அந்நகரம் தோன்றி ஐம்பத்துநான்கு ஆண்டுகளே கழிந்திருந்தன. பன்றியிறைச்சியை உப்பிட்டுப் பீப்பாய்களில் அடைத்து வெளியூர்க்கு அனுப்புவதும், நீராவிப் படகுகள் கட்டுவதும் அவ்வூராரின் பெருந்தொழில்கள். கல்விக்குப் பெயர்போன பழம்பதியன்று அது. அவ்வூர்க் கல்லூரியிற் கணிதம் கற்பித்து வந்த ஆசிரியர் ஒருவர் அவ்வாண்டின் இளவேனிற் காலத்திலே, மாலை வேளைகளில், வானநூலைப் பற்றி ஊராரிடையே பேசத் தொடங்கினார். முதனாள் வந்தோர் சிலரே. இறுதிநாட் கூட்டத்தைக் கல்லூரி மண்டபம் தாங்காதெனக் கண்டு, பெரியதோர் ஆலயத்தை நாட வேண்டியதாயிற்று. ஈராயிரம் பேர் அங்கே திரண்டிருந்தனர் என்பர். அவ்வாசிரியரே ஆம்ஸ்பி மக்னைட் மிச்செல் என்பார். அவர்தம் வரலாற்றை நம் மாணவ நண்பர்க்குச் சிறிது எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

மிச்செல் 1810-ஆம் ஆண்டையொட்டிக் கெண்டக்கி நாட்டிற் பிறந்தவர். தந்தையை இளமையிலேயே இழந்தார். சிறுவனாய் இருக்கும்போதே கடையொன்றில் வேலைக்கு அமர்ந்தார். பின்னர் வெஸ்ட் பாயின்ட் போர்க்கல்லூரியில் இடம்பெற்று 1829-இல் தேறினார். சட்டம் பயின்றதும், இருப்புப்பாதை அமைக்கும் பொறிவல்லராய் இருந்ததும் இடையில் நிகழ்ந்தவை. 1836-இற் சின்சினாட்டிக் கல்லூரியின் ஆசிரியரானார்.

அவர் பேசிய முறை எத்தகையது? கையிற் குறிப்பேடு வைத்துப் படிக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. தூரதிருஷ்டிக் கண்ணாடியில் தோன்றும் காட்சிகளைக் கூட்டத்தார்க்குக் காட்டுதற்கென ஒரு பொறியும் வைத்திருந்தார். கோள்கள், வால்வெள்ளிகள், இரட்டை விண்மீன்கள், நெபுலா எனப்படும் ஒளிமேகங்கள் ஆகிய இவற்றையெல்லாம் கடைக்காரரும் தச்சரும் விளங்கிக்கொள்ளுமாறு எடுத்துரைத்தார். கணிதம் வல்லார் பலர். கணிதத்தை மறைத்து வைத்துப் பேச வல்லார் மிகச் சிலர். இவ்வருமையை நம் வகுப்பறைகளில் நாம் அறிந்தே இருக்கின்றோம்!

இறுதிச் சொற்பொழிவின் முடிவில், யாரும் எதிர்பாராத வேண்டுகோள் ஒன்றை மிச்செல் விடுத்தார். ஊரார் தாமே கூடி, உலகத்துச் சிறந்த கண்ணாடிகளுள் ஒன்றை வாங்கி, ஒரு வானாராய்ச்சி நிலையம் நிறுவுதல் வேண்டும் என்றும், அதன்பொருட்டுத் தம் வாழ்நாளில் ஐந்தாண்டுகளைக் கொடுப்பதாகவும் வாக்களித்தார். ஐரோப்பாவிலே இத்தகைய நிலையங்களை அரசர் பொருள் கொண்டு நிறுவினர். முடியாட்சி இல்லாத நாட்டில், மக்கள் தம் கைப்பொருளால் அதனைச் செய்ய மாட்டுவரோ என்பதே அவர் எழுப்பிய வினா.

பங்கு ஒன்றுக்கு 25 டாலர் வீதம் 300 பங்குகள் எனத் திட்டம் வகுத்தார். 1837-இல் நேர்ந்த பெரும் பணநெருக்கடியின் தழும்பு மாறாத காலம் அது. ஆதலின் செல்வர் சிலரை மட்டும் நம்பாது, தெருத்தெருவாக நடந்து ஒவ்வொருவரையும் தனித்தனியே கண்டு பேசினார். வழக்கறிஞரும் வணிகரும் கையொப்பமிட்டனர். மளிகைக் கடைக்காரரும் கைத்தொழிலாளரும் அவ்வாறே இட்டனர். பங்கு எடுத்தோர் ஒவ்வொருவர்க்கும் அக்கண்ணாடியின் வழியே விண்ணைக் காணும் உரிமை உண்டு என்பது உடன்படிக்கை. இவ்வுரிமையை நினைவில் வைக்குமாறு படிப்போரைக் கேட்டுக்கொள்கின்றோம். மிச்செலின் பிற்கால இன்னல் இதிலேதான் முளைத்தது.

அவ்வாண்டிலேயே கப்பலேறி ஐரோப்பாவுக்குச் சென்றார். இலண்டனிலும் பாரிஸிலும் தேடியும் கருதிய கண்ணாடி கிட்டவில்லை. செர்மனி நாட்டு மூனிக் நகரில், மெர்ட்ஸ், மாலர் என்போர் தொழிற்சாலையில், ஏறத்தாழப் பன்னிரண்டு அங்குல வில்லை ஒன்று இருக்கக் கண்டார். அதனைப் பொருத்தி முடித்துத் தர அவர்கள் கேட்ட விலை 9,000 டாலருக்கும் மேல். ஊரிற் பங்குகளால் சேரக்கூடியதோ 7,500. எனினும் மனந்தளராது ஒப்பந்தம் பேசி, வழியிற் கிரீனிச்சில் ஏரி என்னும் பேரறிஞரிடம் சில நாள் பயின்று திரும்பினார்.

நகரத்தை அடுத்த ஐடா என்னும் குன்றின்மேல் நிக்கலஸ் லாங்வொர்த் என்னும் செல்வர் நான்கு ஏக்கர் நிலம் ஈந்தார். அடிக்கல் நாட்டுதற்கு யாரை அழைப்பது? முன்னாளிற் குடியரசுத் தலைவராய் இருந்த ஜான் குவின்சி ஆடம்ஸ் என்பாரை அழைத்தனர். வானாராய்ச்சி நிலையம் வேண்டுமென 1825-இல் அவர் ஆட்சி மன்றத்துக்கு எழுதியபோது நகைத்தோரே மிகுதி. இப்பொழுது எழுபத்தாறு வயது, உடல்நலமும் குன்றியிருந்தது. ஆயினும் புகைவண்டியிலும் படகிலுமாக நெடுந்தூரம் பயணஞ் செய்து வந்து, 1843 நவம்பர் 9-ஆம் நாள் கல்லை நாட்டினார். அன்று பெய்த மழையால் அவருடைய உரை மறுநாளைக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அக்குன்று அன்று முதல் ஆடம்ஸ் மலை எனப் பெயர் பெற்றது.

கல் நாட்டியாயிற்று, கட்டடத்துக்குப் பணம் இல்லை. வந்த பணமனைத்தும் கண்ணாடிக்கே சென்றது. இவ்விடத்தில் மிச்செல் செய்தது, அவர் செய்த சொற்பொழிவுகள் அனைத்தினும் நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. 1844-இல் இரண்டு கொத்தரையும் ஒரு சிற்றாளையும் அமர்த்தி வேலை தொடங்கினார். கல்லைக் குன்றிலேயே வெட்டினார். சுண்ணாம்புக்கு அங்கேயே காளவாய் அமைத்தார். பகலிற் கல்லூரியில் ஐந்துமணி நேரம் பாடஞ் சொல்லிவிட்டுக் குன்றேறி வந்து, தாமே மேற்பார்த்தும் கைகொடுத்தும் உழைத்தார். வாரந்தோறும் கூலிப்பணத்தைத் தேடி ஊருக்குள் அலைந்தார். பங்குத்தொகையைக் காசாகக் கொடுக்க இயலாதோர் உழைப்பாகவோ பொருளாகவோ கொடுத்தாலும் ஏற்றுக்கொண்டார். ஏழைக் கைம்பெண் காணிக்கைப் பெட்டியில் இட்ட இரு காசுகளின் மதிப்பை அறிந்த நமக்கு, இச்சுவர்கள் எவ்வாறு எழுந்தன என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1845-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்தன. சனவரியிற் கல்லூரி தீப்பற்றி அழிந்தது. மிச்செலின் சம்பளமும் அதனோடு போயிற்று. அடுத்து மூனிக்கிலிருந்து கண்ணாடி வந்து சேர்ந்தது. நிலையத்திலோ ஊதியமின்றி உழைப்பதாக அவர் ஒப்புக்கொண்டிருந்தார். குடும்பமோ பெரிது. செய்வதென்ன? தமக்குத் தெரிந்த பேச்சுத்தொழிலையே நாடினார். பாஸ்டன், நியூயார்க்கு முதலிய நகரங்களுக்குச் சென்று வானநூலைப் பேசிப் பொருளீட்டினார். அப்பேச்சுக்கள் 1848-இல் நூலாகவும் வெளிவந்தன. 1846-இல் அவர் தொடங்கிய வானநூற் பத்திரிகையோ இரண்டாண்டளவில் நின்றுபோயிற்று.

இனி அவ்வுரிமையின் கதை. பங்கு எடுத்தவர் மாலைதோறும் குன்றேறி வந்தனர். சந்திரனையும் சனியின் வளையத்தையும் காட்டி, ஒவ்வொருவர் வினாவுக்கும் விடைகூறி அனுப்புவதற்குள் தெளிந்த இரவின் நல்ல நாழிகைகள் கழிந்துவிடும். தெற்கு வானத்து இரட்டை விண்மீன்களை அளந்து முடித்தல் மிச்செலின் பெருவிருப்பம். அது அவர் கருதிய அளவுக்கு நிறைவேறவில்லை. செவ்வாயின் தென்துருவத்து வெண்பனி உருகிச் சுருங்குகையில் ஒரு துண்டு மட்டும் தனித்து நிற்பதை அவர் கண்டார். அவ்விடம் மிச்செல் மலைகள் எனப் பெயர் பெற்றது. ஆயினும் ஆராய்ச்சியாளர் வரிசையில் அவரை முதலிடத்து வைப்பார் இலர். பேச்சிற் காலத்தைப் போக்கினார் என்று குறைகூறுவாரும் உளர். அக்குறையை நாம் முற்றும் மறுக்க மாட்டோம். ஆனால் தச்சனுக்குக் கொடுத்த வாக்கை வானநூலின் பெயரால் மீறியிருந்தால், அக்கண்ணாடியே அங்கு வந்திராது என்பதையும் மறத்தற்கில்லை.

பின்னர் அல்பனி நகரத்து டட்லி நிலையத்தின் தலைமை அவருக்குக் கிடைத்தது. அங்கு நெடுநாள் தங்கவில்லை. 1861-இல் உள்நாட்டுப் போர் மூளவே, வடவர் பக்கத்துப் படைத்தலைவரானார். போர்வீரர் அவரைக் கிழட்டு நட்சத்திரம் என்னும் பொருள்படச் செல்லப்பெயரிட்டு அழைத்தனர். 1862 ஏப்ரலில் அலபாமா நாட்டு ஹன்ட்ஸ்வில் நகரைத் திடீரெனக் கைப்பற்றினார். அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் தென்கரோலினாவின் ஹில்டன் ஹெட் தீவுக்கு மாற்றப்பட்டார். அடிமைத்தளை நீங்கிய கறுப்பின மக்கள் அங்கே பாசறைகளில் நெருங்கிக் கிடந்தனர். அவர்கள் தமக்கெனத் தனி ஊர் அமைத்து வாழ அவர் வழிசெய்தார். அவ்வூர் மிச்செல்வில் எனப் பெயர் பெற்றது. ஊர் முற்றும் உருப்பெறுவதை அவர் காணவில்லை. 1862 அக்டோபர் 30-ஆம் நாள் மஞ்சட்காய்ச்சலால் போபோர்ட்டு என்னும் ஊரில் உயிர்நீத்தார்.

ஆடம்ஸ் மலையைச் சுற்றி நகரத்தின் புகை பெருகவே, நிலையத்தை 1873-இல் வேறொரு குன்றுக்கு மாற்றினர். ஆடம்ஸ் நாட்டிய கல்லையும் உடன் கொண்டு சென்றனர். மூனிக்கிலிருந்து வந்த அப்பழைய கண்ணாடி இன்றும் அங்கே உளது; குறித்த இரவுகளில் ஊரார் வந்து, வரிசையில் நின்று, அதன்வழியே சனியைக் கண்டு செல்கின்றனர்.