ஹமில்டன் மலையின் ஆடி

எங்கள் விஞ்ஞானக் கழகத்துக்கு வானத்தைப் படம்பிடிக்க ஒரு தொலைகாட்டி வாங்கும் பேச்சு வந்ததும், வில்லையா ஆடியா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டோம். நான் வில்லைக் கட்சி. மூடிய குழாய், தூசி புகாது, அடிக்கடி சீர்செய்யத் தேவையில்லை என்று வாதாடினேன். ஜேம்ஸ் கீலரின் வாழ்க்கையை வாசித்த பிறகுதான் என் வாய் அடங்கியது.

1857இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் பிறந்த கீலரும் வில்லையில்தான் தொடங்கினார். புளோரிடாவில் வளர்ந்த இளவயதில் வில்லைகளை வாங்கித் தாமே தொலைகாட்டி செய்தார். 1888 ஜனவரியில், கலிபோர்னியாவின் ஹமில்டன் மலையிலுள்ள லிக் வானாய்வகத்தில், அன்று உலகிலேயே பெரியதான 36 அங்குல முறிவுத் தொலைகாட்டியால் சனியின் வளையத்தில் மெல்லிய இடைவெளியொன்றைக் கண்டார். பின்னர் அலிகெனி வானாய்வகத்துக்குச் சென்று, 1895இல் அவ்வளையங்கள் ஒரே தகடல்ல, எண்ணற்ற சிறு துண்டுகள் என்று நிறமாலை மூலம் நிறுவினார்.

1898இல் பணிப்பாளராக லிக்கிற்குத் திரும்பினார். பெரிய தொலைகாட்டியைத் தமக்கே வைத்துக்கொள்ளலாம். அதை மற்றவர்களிடம் விட்டுவிட்டு, இங்கிலாந்திலிருந்து அன்பளிப்பாக வந்து, தொல்லை பிடித்தது என்று பெயரெடுத்திருந்த குரொஸ்லி தெறிப்புத் தொலைகாட்டியை எடுத்துக்கொண்டார்.

இரண்டுக்கும் விட்டம் 36 அங்குலமே. வில்லையின் குவியத்தூரம் ஏறத்தாழ 57 அடி. ஆடிக்கோ பதினேழரை அடிதான். ஆகவே மங்கலான நெபுலாவின் ஒளி ஆடியில் சிறிய பரப்பில் செறிந்து, தட்டில் பத்து மடங்கு விரைவாகப் பதியும். இன்னொன்றும் உண்டு. கண்ணுக்கென்று செய்த வில்லை மஞ்சள், பச்சை ஒளியையே கூர்மையாகக் குவிக்கும்; அக்காலத் தட்டுகளோ நீலத்தையே அதிகம் உணர்ந்தன. ஆடி எல்லா நிறத்தையும் ஒரே புள்ளிக்குக் கொண்டுவரும். உயர்தரப் பௌதிகவியலில் மனனம் செய்த நிறப்பிறழ்ச்சி எனக்கு அப்போதுதான் உண்மையாகவே விளங்கியது.

தாங்கும் அமைப்பைத் திருத்தி, குளிரில் மணிக்கணக்காக ஒரு நட்சத்திரத்தின்மேல் கண்வைத்துக் கையால் வழிநடத்திப் படமெடுத்தார். எதிர்பாராத நெபுலாக்கள் தட்டுத் தட்டாக வந்தன, பெரும்பாலானவை சுருளாக! இத்தொலைகாட்டிக்கு எட்டக்கூடியவை மட்டும் 120,000 இருக்கும் எனக் கணக்கிட்டார். அச்சுருள்கள் தனித்தனி விண்மீன் கூட்டங்கள் என்பது அவர் இறந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்றபின்னரே நிரூபணமாயிற்று.

1900 ஓகஸ்ட் 12இல், 42 வயதில் காலமானார். குரொஸ்லியுடன் கிடைத்தவை இரண்டே ஆண்டுகள். அவருடைய படங்கள் நூலாக வந்தது 1908இல்.

லிக் வானாய்வகத்துக்குப் பணம் தந்த ஜேம்ஸ் லிக்கின் உடல் அந்தப் பெரிய வில்லைத் தொலைகாட்டியின் அடியில் புதைக்கப்பட்டிருக்கிறது. கீலரின் சாம்பல் இருப்பது அலிகெனியில், அவர் பெயர் தாங்கிய ஆடித் தொலைகாட்டியின் கீழ்.

இன்றைய நல்ல வில்லைகளில் நிறக்கோளாறு வெகுவாகக் குறைந்துவிட்டது, உண்மைதான். ஆனால் அவற்றின் விலை எங்கள் கழகத்துக்குக் கட்டாது. அடுத்த வாரம் வாக்கெடுப்பு. கட்சி மாறியதை நான் இன்னும் தோழிகளிடம் சொல்லவில்லை.