பேய்கள் மதித்த மனிதர்

பொருளாதாரம் கற்பித்த ஒருவன் பணி ஓய்வுக்குப் பிறகு பேய்க் கதைகளில் மூழ்கினால் நண்பர்கள் நகைப்பது இயல்பே. நான் வாசித்தவை சீனத்தின் பூ சோங்லிங் எழுதிய கதைகள். 'லியாவ்ஜாய்' என்பது அவர் தம் படிப்பறைக்கு இட்ட பெயர். அப்பெயரிலேயே அறியப்படும் அவரது தொகுப்பில் ஏறத்தாழ 500 கதைகள் உள்ளன. அழகிய பெண்ணுருக் கொண்டு வரும் நரிகளும், கல்லறையிலிருந்து எழுந்து வந்து ஏழை மாணவனைக் காதலிக்கும் ஆவிகளும் அவற்றில் உலவுகின்றன. ஆனால் என்னை அக்கதைகளிடம் கட்டிப்போட்டவை ஆவிகள் அல்ல, தேர்வுகள்.

பூ சோங்லிங் 1640-ஆம் ஆண்டு ஷான்டோங் மாகாணத்து ஜிச்சுவானில் பிறந்தார். நான்கு ஆண்டுகளில் மிங் பேரரசு வீழ்ந்து, மஞ்சூ இனத்தாரின் ஆட்சி வந்தது. தந்தை கல்வியை விட்டு வணிகத்துக்குச் சென்றவர். அக்காலச் சீனத்தில் ஒரு குடும்பம் உயர்வதற்கு இருந்த பெருவழி அரசுத் தேர்வுதான். 1658-இல் சோங்லிங் முதல் படிநிலைத் தேர்வுகள் அனைத்திலும் முதலிடம் பெற்றார். தேர்வாளர் ஷி ருன்ஜாங் ஒரு கவிஞர். புகழையும் செல்வத்தையும் தேடி விடியலில் ஓடுவோரை ஒரு கதைபோலவே தீட்டிக் காட்டிய அந்த இளைஞனின் விடைக் கட்டுரையை அவர் வியந்து பாராட்டினார்.

அந்தப் பாராட்டுதான் அவரது வாழ்வைத் திசைமாற்றியது என்று நான் கருதுகிறேன். தேர்வுக்கு உரியது 'எட்டுக்கால் கட்டுரை' என்னும் இறுகிய வடிவம். ஒரே ஒரு தேர்வாளர் அதில் கதையை அனுமதித்தார். அடுத்து வந்தவர்கள் அனுமதிக்கவில்லை. பட்டத்துக்கும் பதவிக்கும் வழிதிறக்கும் மாகாணத் தேர்வு மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை ஜினானில் நடைபெற்றது. இளமையில் எழுதத் தொடங்கியவர் முதுமை வரை எழுதினார், ஒருமுறையும் தேறவில்லை. 1687-இல் எழுதும் வேகத்தில் விடைத்தாளின் ஒரு பக்கத்தைத் தாண்டி எழுதிவிட்டார். விதிமீறல் என்று தகுதி நீக்கம் செய்தனர். 1690-இல் தேர்வின் நடுவே நோயுற்று வெளியேறினார்.

தாண்டப்பட்ட அந்தப் பக்கத்தில்தான் நான் புத்தகத்தை மூடி வைத்தேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு விடைத்தாள் திருத்தும் முகாமில், மிகச் சிறந்த விடை ஒன்று அதற்குரிய இடத்தில் இல்லாமல் வேறு பகுதியில் எழுதப்பட்டிருந்தது. விதிப்படி அதற்கு மதிப்பெண் கிடையாது. நான் விதிப்படியே நடந்தேன். அந்த மாணவர் யாரென்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

சோங்லிங்கின் குடும்பத்தில் பாகப்பிரிவினை வந்தபோது உருப்படியான வீடுகள் சகோதரர்களுக்குச் சென்றன. அவருக்குக் கிடைத்தவை முழுச் சுவரில்லாத மூன்று பழைய அறைகளும், 20 'மூ' நிலமும், சிறிதளவு தானியமும். 20 மூ என்பது மூன்று ஏக்கரைச் சற்றே தாண்டும். அவருடைய மனைவி லியூ ஒரு சொல்லும் பேசாமல் அதை ஏற்றுக்கொண்டார். குடும்பம் பெருகியது, நான்கு மகன்கள், ஒரு மகள். 1670-இல் நண்பர் சுன் ஹுயி நடுவராக இருந்த தெற்கத்திய ஊரான பாவ்யிங்குக்குச் சென்று, அவருக்கு அலுவல் கடிதங்கள் எழுதும் வேலை பார்த்தார். ஓராண்டில் திரும்பிவிட்டார். 1679 முதல் ஏறத்தாழ 30 ஆண்டுகள் பீ குடும்பத்தாரின் வீட்டில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். மிங் பேரரசின் நிதியமைச்சர் ஒருவர் பிறந்த குடும்பம் அது. அங்கிருந்த பெரிய நூலகம் அவருக்கு வாய்த்த செல்வம்.

தெருவோரம் அமர்ந்து வழிப்போக்கர்களுக்குத் தேநீர் இலவசமாகக் கொடுத்துக் கதை கேட்டார் என்றொரு செய்தி வழக்கில் உண்டு. லூ சுன் போன்றோர் இதை நம்பவில்லை. நானும் நம்பவில்லை, என் காரணம் எளியது. இலவசத் தேநீர் வழங்கும் நிலையில் அவர் இல்லை. நண்பர்கள் எழுதி அனுப்பியவை, பயணத்தில் காதில் விழுந்தவை, பழைய நூல்களில் கிடைத்தவை ஆகியவற்றிலிருந்தே அவர் கதைகள் பிறந்தன. 1679-இல் தொகுப்புக்கு முன்னுரை எழுதிய பின்னரும் பல ஆண்டுகள் கதைகளைச் சேர்த்துக்கொண்டே இருந்தார்.

'சில்வண்டு' என்ற கதையில், அரண்மனையில் வண்டுச் சண்டை மோகம் பரவுகிறது. மேலிருந்து வரும் ஆணை படிப்படியாக இறங்கி, தேர்வில் தோற்று ஊர்ப் பொறுப்பில் சிக்கிய ஓர் ஏழையின் தலையில் விழுகிறது. அவன் அரும்பாடுபட்டுப் பிடித்த வண்டை ஒன்பது வயது மகன் அறியாமல் கொன்றுவிட்டு, அச்சத்தில் கிணற்றில் குதிக்கிறான். சிறுவனின் உயிரே ஒரு வண்டாகிச் சண்டையிட்டுக் குடும்பத்தைக் காக்கிறது. வரி விதிப்பவர் ஒருவர், சுமப்பவர் வேறொருவர் என்பதை விளக்க எனக்கு வகுப்பில் இரண்டு வாரங்கள் ஆகும். அவருக்குச் சில பக்கங்களே போதுமாயின.

காதல் கதைகளில் 'நியே சியாவ்சியன்' புகழ்பெற்றது. 1987-இல் ஹாங்காங்கில் திரைப்படமாகி உலகெங்கும் சென்றது. பாழ்கோயிலில் தங்கும் இளைஞனை மயக்க, ஒரு தீய சக்தியால் ஏவப்பட்டு வருகிறாள் பெண்ணாவி. அவன் அவளையும் மறுக்கிறான். அவள் நீட்டும் பொன்னையும் மறுக்கிறான். அவனது நேர்மையைக் கண்டு, தன் எலும்புகளை எடுத்துச் சென்று வேறிடத்தில் அடக்கம் செய்யுமாறு வேண்டுகிறாள். பின்பு அவன் தாய்க்குச் சமைத்தும் பணிவிடை செய்தும் அவ்வீட்டின் மருமகளாகிறாள். இக்கதையில் அந்த இளைஞனின் மதிப்பை அறிந்தவள் ஓர் ஆவி. இவ்வாறே பல கதைகளில் ஊரும் தேர்வாளரும் காணாத ஒருவனை நரியோ பேயோ கண்டுகொள்கிறது. அவர் எழுதிய காதலின் உட்பொருள் இதுவே என எண்ணுகிறேன்.

'யே' என்னும் அறிஞரின் கதை இன்னும் கொடியது. தேர்வில் தோற்று நோயில் விழுந்தவர், தம்மை மதித்த அதிகாரியின் மகனுக்குக் கற்பிக்கிறார். மகன் தேறுகிறான், பின்னர் அவரும் தேறுகிறார். வெற்றியோடு ஊர் திரும்பினால் மனைவி அலறி ஓடுகிறாள். அவர் இறந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. தம் சவப்பெட்டியைக் கண்ட கணத்தில் அவர் மறைந்துவிடுகிறார்.

சோங்லிங்கின் மதிப்பை அறிந்த உயிருள்ள மனிதர் லியூ. கணவர் வெளியூரில் கற்பித்த காலமெல்லாம், நல்ல உணவு கிடைத்தால் தாம் உண்ணாமல் அவருக்கென எடுத்து வைப்பார். அவர் வருவதற்குள் அது கெட்டுப்போவதும் உண்டு. நூல் நூற்று நூற்றுக் கை வலி கண்ட பின்னும் நிறுத்தவில்லை. கணவர் ஐம்பதைக் கடந்தும் தேர்வுக்குப் புறப்பட்டபோது, விதி இருந்திருந்தால் இதற்குள் பெரிய பதவி வந்திருக்கும், ஊரிலேயே நிம்மதியாக இருக்கலாமே என்றார். இவற்றை மனைவி மறைந்தபின் எழுதிவைத்தவர் சோங்லிங்கே. அறிவுரை சரியென்று அறிந்தும் ஆசை விடவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

கதைகள் மட்டுமே அவர் எழுதவில்லை. பஞ்சத்தைக் கண்டவர், வேளாண்மையும் பட்டுப்புழு வளர்ப்பும் பற்றி உழவர்க்கு ஒரு கையேடு 1705-இல் எழுதினார். நாட்டுப்புற மெட்டில் பாட்டு நாடகங்களும் உண்டு. இவை பற்றி இங்கு பேசுவோர் குறைவு.

1711-இல், எழுபதைக் கடந்தபின், நீண்டநாள் காத்திருந்தோர்க்கு மூப்பின்படி வழங்கப்படும் ஒரு தகுதிப் பட்டம் கிடைத்தது. 1713-இல் லியூ மறைந்தார். அதே ஆண்டில் ஓவியர் ஒருவர் சோங்லிங்கின் உருவத்தைப் பட்டத்துக்குரிய உடையில் வரைந்தார். இந்த உடை தம் விருப்பம் அன்று, பின்வரும் தலைமுறைகள் கண்டு சிரிக்குமோ என அஞ்சுவதாக அந்தப் படத்திலேயே அவர் குறித்து வைத்தார். 1715-இல் சன்னலோரம் அமர்ந்த நிலையில் உயிர் பிரிந்தது. கதைகள் அச்சேறியது 1766-இல். அதுவரை அவை கையெழுத்துப் பிரதிகளாகவே வீடு வீடாய்ச் சென்றுகொண்டிருந்தன.