ஆசிரியர் சுப்புரத்தினம்

புதுவையிலே 1891-ம் ஆண்டு ஏப்ரல் 29-ந் தேதி தோன்றிய கனக. சுப்புரத்தினத்தைப் பாவேந்தர் பாரதிதாசன் என அறியாதார் இலர். ஆசிரியராக அறிந்தாரோ சிலரே. பழைய முறையில் இலக்கண இலக்கியங்களைக் கற்றுத் தேர்ந்த அவர், 1909-ல் காரைக்காலையடுத்த நிரவியில் தமிழாசிரியராய் அமர்ந்தார். 1946-ல் ஓய்வு பெறுமளவும், 37 ஆண்டுகள், பிரெஞ்சிந்தியப் பாடசாலைகளிற் பணிபுரிந்தார்.

தொடக்கத்தில் அவர் எழுதியது பண்டிதர்க்கே விளங்கும் கடுநடை. 1908-ல் புதுவைக்கு வந்து தங்கிய பாரதியாரின் தொடர்பால் அதனைத் துறந்து, யாவர்க்கும் விளங்கும் எளிய நடையை மேற்கொண்டார். கற்றறிந்த புலவர் ஒருவர் தம் நடையையே மாற்றிக்கொள்வது சிறு காரியமன்று. அதன் பயன் சிறுவரையும் எய்திற்று. 1958-ல் வெளியான இளைஞர் இலக்கியத்தில் மழையும் நிலவும் பறவையும் சின்னஞ்சிறு சொற்களில், பாடி மகிழத்தக்க ஓசையோடு வருகின்றன. கடின பாடத்தைக் கண்டு மருளும் பிள்ளைக்கு வேண்டுவது பிரம்பன்று. கால் எட்டும் முதற்படியே. அப்படியை இட்டுத் தந்தவர் நம் பாவேந்தர்.

1964-ம் ஆண்டு ஏப்ரல் 21-ந் தேதி அவர் சென்னையில் மறைந்தார். பெருமாள் கோயில் தெருவில் அவர் வாழ்ந்த இல்லம் நினைவகமாக விளங்குகின்றது. ஆசிரியத் தொழிலை விரும்பும் நம் மாணவ நண்பர்காள்! பின்தங்கிய பிள்ளையை மந்தன் என்று ஒதுக்குமுன், நாம் சொல்லும் முறையை ஒருகால் மாற்றிப் பார்ப்போமாக.