டாப் கியர் தந்த லூயி ரெனோ

கியர் பாக்ஸ் என்றதும் நமக்கு வைவா பயம்தான் ஞாபகத்துக்கு வரும். அந்தப் பெட்டிக்குள் ஒரு மனிதரின் வாழ்க்கையே இருக்கிறது. அவரைப் பற்றி நான் படித்துத் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

லூயி ரெனோ 1877-ல் பாரிஸில் ஒரு வசதியான வியாபாரக் குடும்பத்தில் பிறந்தார். ஏட்டுப் படிப்பில் மனசு ஒட்டவில்லை. மிஷின் என்றால் மட்டும் சோறு தண்ணி வேண்டாம்! பில்லன்கூரில் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகைதான் அவருடைய ஒர்க்‌ஷாப்.

அந்தக் காலத்து வண்டிகளில் பெரும்பாலும் செயினோ பெல்ட்டோதான் சக்கரத்தைச் சுழற்றும். 1898-ல், 21 வயதில், லூயி ஒரு சின்ன வண்டி கட்டினார். செயினுக்குப் பதில் புரொப்பல்லர் ஷாஃப்ட். டாப் கியர் போட்டால் எஞ்சின் பக்கத்து ஷாஃப்டும் வெளியே போகும் ஷாஃப்டும் நேராகப் பூட்டிக்கொள்ளும். நடுவில் எந்தப் பல்சக்கரமும் பாரம் சுமக்காது. சக்தி வீணாவது குறைந்தது, சத்தமும் குறைந்தது. நாம் படிக்கும் டைரக்ட் டிரைவ் இதுதான்.

அவ்வருடம் டிசம்பர் 24 இரவு, மோன்மார்த்ரின் செங்குத்தான லெபிக் தெருவில் வண்டியை ஏற்றிக் காட்டினார். அன்றே 12 ஆர்டர்! 1899-ல் பேட்டன்ட் எடுத்தார். அண்ணன்மார் மார்செலும் ஃபெர்னானும் கம்பெனி தொடங்கினார்கள்.

எங்கள் லேபில் ஒரு பழைய காருக்கு ஷிஃப்ட் லிங்கேஜ் மாட்டியபோதுதான் இந்த ஏற்பாட்டின் அருமை எனக்குப் புரிந்தது. லிவர், பாக்ஸ் இரண்டையும் நியூட்ரலில் வைத்த பிறகே ராடின் நீளத்தை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். புஷ் தேய்ந்திருந்தால் மேலே லிவர் நகரும், உள்ளே செலக்டர் ஃபோர்க் முழுத் தூரம் போகாது. டாக் கிளட்ச் பல் பாதிதான் கடிக்கும். ஓடும்போதே கியர் கழன்றுவிடும். மேட்டில் கழன்றால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்!

லூயியின் வாழ்க்கையிலும் மேடு பள்ளம் நிறைய. 1903-ல் பாரிஸ்–மாட்ரிட் பந்தயத்தில் விபத்துக்குள்ளாகி மார்செல் இறந்துபோனார். 1909-ல் ஃபெர்னானும் போய்விட்டார். தனி ஆளாகக் கம்பெனியை வளர்த்தார் லூயி. 1914-ல் மார்ன் போர்முனைக்கு வீரர்களைக் கொண்டுபோன பாரிஸ் டாக்சிகளில் பெரும்பாலானவை ரெனோ வண்டிகளே. நாடே கொண்டாடியது.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிரான்சைப் பிடித்தார்கள். ரெனோ ஆலை அவர்களுக்கு வண்டி செய்து கொடுத்தது. விடுதலைக்குப் பின், 1944 செப்டம்பரில், லூயி கைது செய்யப்பட்டார். விசாரணை நடக்குமுன்னே அக்டோபரில் காவலிலேயே உயிர் பிரிந்தது. 1945-ல் ஆலை அரசுடைமையானது.

அவர் குற்றவாளியா, ஆலையைக் காப்பாற்றப் பார்த்தவரா? பிரான்சில் இன்றும் வாதாடுகிறார்கள். எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். நன்றாகச் செய்தால் மட்டும் போதாது; யாருக்காகச் செய்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். நாளை டிப்ளமோவோடு வெளியே போகும் நாமும் இதை மனசில் வைப்போம், நண்பர்களே!