மேடை ஏறிய வழக்கறிஞர்

ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த சென்னையில், நாடகம் நடிப்பது படித்தவர்களுக்கு ஏற்ற செயலாகக் கருதப்படவில்லை. நடிகர்களைக் கூத்தாடிகள் என்று பலர் இகழ்ந்தனர். 1873ஆம் ஆண்டு பிறந்த பம்மல் சம்பந்தனாரும் இளமையில் தமிழ் நாடகங்களை வெறுத்தவர்தாம்.

1891இல் பெல்லாரியிலிருந்து ஒரு குழு வந்து சென்னையில் தெலுங்கு நாடகங்களை நடத்தியது. நடித்தவர்கள் கூலிக்காக நடிப்பவர்கள் அல்லர். படித்து, நல்ல பணியில் இருந்தவர்கள்! அதைக் கண்ட சம்பந்தனாரின் மனம் மாறியது. தமிழில் ஏன் இப்படி நடிக்கக் கூடாது என்று எண்ணினார். அதே ஆண்டு சூலை முதல் நாள், நண்பர்கள் சிலருடன் சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 18.

சபைக்கு ஆள் சேர்ப்பதைவிட நாடகம் கிடைப்பதே அரிதாக இருந்தது. எனவே, அவரே எழுதத் தொடங்கினார். விடிய விடிய நடந்த நாடகங்களைச் சில மணி நேரத்திற்குள் அடக்கினார். பாடல்களைக் குறைத்து உரையாடலுக்கு முதன்மை தந்தார். அக்காலத்தில் பெண் வேடத்தையும் ஆண்களே ஏற்றனர். சம்பந்தனாருடன் பல நாடகங்களில் கதாநாயகியாக நடித்த ரங்கவடிவேலுவும் ஒரு வழக்கறிஞரே. பின்னாளில் விடுதலைப் போராட்ட வீரராகப் புகழ்பெற்ற சத்தியமூர்த்தியும் இச்சபையின் மேடையில் நடித்தார்.

சம்பந்தனார் வழக்கறிஞராகிப் பின்னர் நீதிபதியாகவும் உயர்ந்தார். ஆயினும் நாடகத்தை விடவில்லை. ஆங்கில நாடகமான ‘ஹேம்லெட்’டை ‘அமலாதித்யன்’ ஆக்கினார். அவர் எழுதிய நாடகங்கள் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை. அவற்றுள் ‘மனோகரா’ 1954இல் சிவாஜி கணேசன் நடிக்கத் திரைப்படமாக வந்தது. ஐந்தாண்டுகளுக்குப் பிறகு, இந்திய அரசு அந்த முதிய நாடகக்காரருக்குப் பத்மபூஷண் விருதை வழங்கியது.