ஹனோய் கோபுரக்காரரும் 39 இலக்கமும்

டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் லேப்ல 'டவர் ஆஃப் ஹனோய்' புரோகிராம் ஓட்டி, அவுட்புட் காட்டி, கையெழுத்து வாங்கியிருப்பீங்க. அந்தப் புதிரை உருவாக்கினது யாருன்னு ரெக்கார்டு நோட்டுல எழுதினோமா? இல்லை. அவர் பெயர் எடுவார்ட் லூகாஸ். 1883-ல் புதிரை வெளியிட்டபோது அவரே கூட தன் பெயர் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு, கிளாஸ் என்ற பொய்ப்பெயரில்தான் வந்தார்.

1842-ல் பிரான்ஸில் பிறந்தவர். பாரிஸ் வானாய்வகத்தில் வேலை; 1870 போரில் பீரங்கிப் படை அதிகாரி; அதன்பின் வாத்தியார். இதெல்லாம் இருக்கட்டும். 1876-க்கு வருவோம்.

அந்த வருஷம் அவர் கையில் எடுத்த எண் 2^127 − 1. முழுசா எழுதினால் இது: 170141183460469231731687303715884105727. 39 இலக்கம். இது பகா எண்ணா?

நமக்குத் தெரிஞ்ச வழி, ஒவ்வொரு எண்ணா வகுத்துப் பார்ப்பது. இந்த எண்ணின் வர்க்கமூலம் வரைக்கும் போகணும். நொடிக்கு 100 கோடி வகுத்தல் செய்யும் மெஷின் இருந்தாலும் 400 வருஷம் தாண்டும். லூகாஸிடம் இருந்தது பேப்பரும் பேனாவும்.

அதனால் அவர் வகுத்தே பார்க்கலை. 3-ல் தொடங்கு. வர்க்கப்படுத்து, 2 கழி, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள். மறுபடி அதையே செய். நீங்களே 127-க்கு, அதாவது 2^7 − 1-க்கு, போட்டுப் பாருங்க: 3, 7, 47, 48, 16, 0. ஐந்தாவது தடவையில் சைபர் விழுந்தது; 127 பகா எண். அடுக்கை 4-ஆல் வகுத்தால் 3 மீதி வரணும், அவ்வளவுதான் நிபந்தனை. 2^127 − 1-க்கு இதே வேலை 125 தடவை. ஒவ்வொரு தடவையும் 39 இலக்க எண்ணை வர்க்கப்படுத்தணும். ஒரு இடத்தில் கேரி தப்பினால் எல்லாம் போச்சு!

இதற்கு 127-க்கு 127 கட்டம் போட்ட சதுரங்கப் பலகை ஒன்றையும் அவர் விவரித்திருக்கிறார். காய் இருந்தால் 1, காலி என்றால் 0. இடது ஓரத்தில் வழிகிற காய் வலது ஓரத்தில் திரும்ப வந்து உட்காரும். நம்ம சர்குலர் ஷிஃப்ட்தான், கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே!

அவருடைய நிரூபணங்களில் ஓட்டைகள் இருந்ததையும் சொல்லணும். 1930-ல் லெமர்தான் அதையெல்லாம் சரிசெய்தார். ஆனால் விடை தப்பவில்லை. 1951 வரை, 75 வருஷம், அறியப்பட்ட மிகப்பெரிய பகா எண் இதுவே. மெஷின் உதவியில்லாமல் நிரூபித்ததில் இன்னிக்கும் இதுதான் பெரியது. 128 பிட் சைன்டு இன்டிஜரில் அடங்கும் உச்ச மதிப்பும் இதே எண்தான்.

அதே 1876-ல் இன்னொன்றும் செய்தார். 2^67 − 1 பகா எண் என்று 1644-லேயே மெர்சென் என்ற பாதிரியார் பட்டியல் போட்டிருந்தார். லூகாஸ் தன் முறையில் சோதித்தார், சைபர் வரலை. பகா எண் இல்லை என்று அறிவித்துவிட்டார். அப்போ காரணிகள் எங்கே? அவரிடமும் இல்லை. ஒரு காரணியைக்கூடக் காட்டாமல் ஒரு எண்ணைப் பகு எண் என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேணும், யோசிங்க.

1891-ல் ஒரு மாநாட்டு விருந்தில் தட்டு உடைந்து, சில்லு தெறித்து அவர் கன்னத்தைக் கிழித்தது. காயத்தில் தொற்று ஏறி சில நாளில் இறந்தார். வயசு 49.

1903-ல் அமெரிக்காவில் ஃபிராங்க் கோல் என்பவர் ஒரு கூட்டத்தில் கரும்பலகை முன் நின்று, 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கிக் காட்டினார். விடை 2^67 − 1.