கடல் கொண்ட நூல்கள்

பொருளிழந்து வருந்துவோரைப் பற்றுடையோரென எளிதிற் கூறிவிடுகிறோம். பாபாசாகேப் அம்பேத்கர் அவர்கள் 1917-ஆம் ஆண்டு லண்டனிலிருந்து தாயகம் திரும்புங்கால், அவர்தம் நூல்கள் வேறொரு கப்பலில் வந்தன. ஜெர்மானிய நீர்மூழ்கி அக்கப்பலைத் தாக்கி மூழ்கடித்தது. பள்ளியில் தனியே கோணிமேல் அமர்த்தப்பட்ட பிள்ளை, பின்னாளில் உணவைச் சுருக்கிச் சேர்த்த செல்வமன்றோ அது! அத்துயரைப் பற்றென இகழ யாம் ஒருப்படோம். நட்ட ஈடாக வந்தது 600 ரூபாய். அப்பணங்கொண்டே பரோடா சென்றார். ஆங்கு விடுதியினின்றும் துரத்தப்பட்டு மரத்தடியிலமர்ந்து கண்ணீர் உகுத்தார்.

பின்னர் பம்பாய் தாதரில் நூல்களுக்கென இடம் வகுத்து ஓர் இல்லம் எழுப்பினார். பகவன் உலவிய மகதத் தலைநகரின் பெயரால் அதனை இராஜகிருஹம் என்றழைத்தார். கடன் தீர்க்கவும் நூல் வாங்கவும் தமது மற்றோர் இல்லத்தை 1941-இல் விற்றார். இராஜகிருஹத்தை இறுதிவரை விற்றாரில்லை.